வெள்ளி முடியும் ஒரு சொட்டுப் புரதமும்

குழந்தை பிறக்கும்போதே முடி வெள்ளியாக இருக்கும். புருவமும் இமை முடியும்கூட அப்படித்தான், சாம்பல் பூத்த பளபளப்போடு. பெற்றவர்கள் இருவருக்கும் கருகருவென்ற முடி. முதல் சில மாதங்கள் அக்கம்பக்கம் எல்லாம் அதிசயமாகப் பார்க்கும், தூக்கிக் கொஞ்சும். பிறகு ஒரு காய்ச்சல் வரும். எந்த மருந்துக்கும் அடங்காது. வயிறு உப்பும், மண்ணீரல் வீங்கும், ரத்த அணுக்கள் எல்லாம் ஒன்றாகச் சரியும். காரணம் தெரியாமல் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தால் குழந்தை கையை விட்டுப் போய்விடும்.

இதற்குக் கிரிசெல்லி நோய் என்று பெயர். குளோட் கிரிசெல்லி, மிஷெல் ப்ருனியேராஸ் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் 1978இல் இதை முதலில் விவரித்தார்கள். இதில் மூன்று வகை உண்டு. ஒன்று நரம்பைத் தாக்கும். ஒன்றில் முடி மட்டும் வெளுக்கும், வேறு தொல்லை இல்லை. நான் மேலே சொன்னது இரண்டாம் வகை. அதற்குக் காரணம் ஒரே ஒரு புரதம் கெட்டுப்போவதுதான் என்று 2000ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார்கள். அந்தப் புரதத்தின் பெயர் ரேப்27ஏ. அதைப் பாக்டீரியாவுக்குள் செய்து, கழுவி, சுத்தமாக்கி எடுப்பது என் அன்றாட வேலை.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரி. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம். ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும், வீட்டுப் பேச்சு கொங்குத் தமிழில் இருக்கும். பாலக்காடு ஐஐடி 2015இல் எங்கள் பக்கத்துக் கோழிப்பாறையில் தொடங்கியபோது நான் ஏற்கெனவே கோவைக்குப் படிக்கப் போய்விட்டேன். வேலையும் அங்கேயே ஓர் ஆய்வகத்தில் அமைந்தது. என் சித்தியைக் கட்டிக்கொடுத்தது இடுக்கி மாவட்டத்தில், தேவிகுளத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில். அங்கே தொழிலாளர் லயங்களிலும் தமிழ்தான். போடி வழியாக மலையேறிய பாட்டன் பூட்டன்களின் நாலாவது, ஐந்தாவது தலைமுறை அங்கே கொழுந்து எடுக்கிறது. இந்த இரண்டு ஊர்களையும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் வருகிறேன்.

எங்கள் அம்மாயி ஒரு தடவை கேட்டாள்: "ஏங் கண்ணு, லேப்புல அப்படி என்னதான் பண்ற?"

"மனுச உடம்புல இருக்கற ஒரு புரதத்தக் கிருமிக்குள்ள வளர்த்தி எடுக்கறோம் அம்மாயி."

"மனுசனுதெ மனுசன்கிட்ட எடுக்காம, கிருமிகிட்ட எதுக்குப் போவோணும்?"

இதைவிட நல்ல கேள்வியைக் கல்லூரியில்கூட யாரும் கேட்கவில்லை. நம் உயிரணுக்களில் இந்தப் புரதம் மிகக் கொஞ்சமே இருக்கிறது. மனிதத் திசுவிலிருந்து ஒரு சோதனைக்குத் தேவையான அளவு பிரித்தெடுப்பது நடக்காத காரியம். ஆனால் அதைச் செய்வதற்கான செய்முறை, அதாவது மரபணு, எழுத்துக்களாக நமக்குத் தெரியும். அந்த எழுத்துத் தொடரை டி.என்.ஏ.வாகக் கோர்த்து, பிளாஸ்மிட் என்ற சிறு வளையத்தில் ஒட்டி, ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் விட்டால் அது தன் புரதத்தோடு நம் புரதத்தையும் செய்துகொடுக்கும். இப்படி வேறோர் உயிரில் செய்து எடுத்ததுதான் மறுசேர்க்கைப் புரதம். இதை வாசிப்பவர்களில் சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள் இருப்பார்கள். மனித இன்சுலினை 1978இல் ஈ.கோலையில் செய்து காட்டினார்கள். 1982இல் அது மருந்தாக வந்தது. அதுவரை பன்றி, மாட்டின் கணையத்திலிருந்துதான் எடுத்தார்கள். நம் நாட்டிலேயே ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997இல் மஞ்சள்காமாலைத் தடுப்பூசியை இந்த வழியில், ஈஸ்ட்டில் செய்து கொண்டுவந்தது.

வேலை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் சொல்கிறேன், எனக்குப் பிடித்த பகுதி இது. பிளாஸ்மிட் ஏறிய பாக்டீரியாவைச் சத்துக் குழம்பில் 37 டிகிரி சூட்டில் குலுக்கிக்கொண்டே வளர்ப்போம். தெளிந்த குழம்பு கலங்கி வரும். அந்தக் கலங்கலின் அளவு பார்த்து, சூட்டை 18 டிகிரிக்கு இறக்கி, ஐபிடிஜி என்ற பொருளைச் சேர்ப்போம். அதுதான் 'இனி நம் புரதத்தைச் செய்' என்ற கட்டளை. சூடு அதிகமாக இருந்தால் பாக்டீரியா அவசரப்பட்டுச் செய்யும். புரதம் சரியாக மடியாமல் கட்டிகட்டியாகக் கெட்டுப்போகும். அதனால் இரவு முழுக்க அந்தக் குளிரில் நிதானமாகச் செய்ய விடுகிறோம். காலையில் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, அடியில் படிந்த பாக்டீரியாவை எடுத்து, ஐஸில் வைத்து ஒலி அதிர்வால் உடைப்போம். ஆயிரக்கணக்கான பாக்டீரியாப் புரதங்களுக்கு நடுவே நம்முடையதைப் பொறுக்க ஒரு வழி வைத்திருக்கிறோம். மரபணுவை எழுதும்போதே அதன் நுனியில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை ஆறு முறை வரிசையாகச் சேர்த்துவிடுவோம். அது நிக்கலைப் பிடித்துக்கொள்ளும். நிக்கல் ஏற்றிய மணிகள் அடைத்த குழாயில் கரைசலை ஊற்றினால் மற்றதெல்லாம் ஓடிவிடும், நம் புரதம் ஒட்டிக்கொண்டு நிற்கும். இமிடசோல் ஊற்றி அதைக் கழற்றுவோம். பிறகு புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால் 25 கிலோடால்டன் இடத்தில் அழுத்தமாக ஒரு நீலப் பட்டை. அதைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

ரேப்27ஏ 221 அமினோ அமிலங்களால் ஆன சின்னப் புரதம். இதன் குடும்பத்துக்குச் சிறு ஜிடிபியேஸ் என்று பெயர். மனித உடம்பில் 150க்கும் மேற்பட்ட உறுப்பினர் உண்டு. அதில் ரேப் கிளை மட்டும் 60க்கு மேல். எல்லாருக்கும் ஒரே குணம்: ஜிடிபி என்ற மூலக்கூறைப் பிடித்திருக்கும்போது விழித்திருப்பார்கள், தோழர் புரதங்களைக் கைப்பற்றி வேலை வாங்குவார்கள். அந்த ஜிடிபியில் ஒரு பாஸ்பேட்டை வெட்டிவிட்டால் அடங்கிவிடுவார்கள். எழுப்புவதற்கு ஒரு புரதம், அடக்குவதற்கு ஒரு புரதம் என்று கூடவே ஆட்கள் உண்டு. இந்த விழிப்பும் அடக்கமும் முறை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இதே குடும்பத்து ராஸ் சாட்சி. மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் ராஸ் மரபணுவின் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்ததை 1982இல் கண்டார்கள். அந்த ஓர் எழுத்தால் ராஸ் அடங்காமல் விழித்தே கிடக்கிறது, உயிரணு பெருகிக்கொண்டே போகிறது. ராஸ் வகை ஒன்றின் குறிப்பிட்ட ஒரு திரிபைப் பிடித்து நிறுத்தும் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைக்க 2021 ஆயிற்று. ஏறத்தாழ நாற்பது வருடம்! அந்த நாற்பது வருடமும் உலகமெங்கும் ஆய்வகங்களில் பாக்டீரியா செய்த ராஸ்தான் மேசைமேல் இருந்தது.

ரேப்27ஏக்கு உடம்பில் வேலை பல. இரண்டைச் சொன்னால் போதும்.

முதலாவது நிறம். தோலிலும் முடியின் வேரிலும் மெலனின் செய்யும் உயிரணுக்கள் இருக்கின்றன. மெலனின் சிறு பொட்டலங்களாக உருவாகி, அந்த உயிரணுவின் நீண்ட கிளை நுனிக்குப் போய், அங்கிருந்து முடிக்குப் போக வேண்டும். பொட்டலத்தின் மேல் ரேப்27ஏ உட்கார்ந்துகொள்கிறது. அது மெலனோஃபிலின் என்ற புரதத்தைப் பிடிக்கிறது. மெலனோஃபிலின் மயோசின்-5ஏ என்ற நடைபோடும் புரதத்தைப் பிடிக்கிறது. மூன்றும் சேர்ந்தால்தான் பொட்டலம் நுனியில் நிற்கும். ரேப்27ஏ இல்லாவிட்டால் நிறம் எல்லாம் நடுவிலேயே குவிந்து கிடக்கும். முடிக்குள் ஒழுங்கில்லாத கட்டிகளாக எப்போதாவது போய்ச் சேரும். பார்வைக்கு அது வெள்ளி.

இரண்டாவது காவல். வைரஸ் புகுந்த உயிரணுவைக் கொல்லும் வெள்ளணுக்கள் நம் ரத்தத்தில் இருக்கின்றன. அவை நஞ்சுப் பொட்டலங்களை வைத்திருக்கும். எதிரியைத் தொட்டவுடன் பொட்டலம் தொடுமிடத்துக்கு வந்து, சவ்வில் ஒட்டி, திறந்து கொட்ட வேண்டும். ஒட்டவைப்பது ரேப்27ஏ; அதற்குத் துணை மன்13-4 என்ற புரதம். இது கெட்டால் எப்படி என்று எஸ்டேட் ஆட்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன்: கொழுந்துச் சாக்கெல்லாம் லாரி நிற்கிற ரோட்டுக்கு வந்துவிட்டது, ஏற்றிவிட ஆள் இல்லை. நஞ்சு இருக்கிறது, எதிரி இருக்கிறான், கொட்டுவதற்கு வழியில்லை. கொல்ல முடியாத வெள்ளணு மேலும் மேலும் அபாயக் குரல் கொடுக்கும். அந்தக் குரலில் வெறிகொண்ட வேறு அணுக்கள் சொந்த ரத்த அணுக்களையே விழுங்கத் தொடங்கும். குழந்தையின் அடங்காத காய்ச்சல் அதுதான்.

இந்த நஞ்சுப் பொட்டலப் பயணத்தில் நம் நாட்டு ஆய்வாளர்களின் உழைப்பும் இருக்கிறது. சண்டிகரில் நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனத்தின் அமித் தூலியும் மொகாலி ஐசர் நிறுவனத்தின் மஹக் சர்மாவும் ஆர்ல்8பி என்ற இன்னொரு சிறு ஜிடிபியேஸைத் தொடர்ந்து ஆராய்கிறார்கள். கொலை வெள்ளணுவில் அந்தப் பொட்டலங்களை எதிரி இருக்கும் பக்கம் திருப்பி நகர்த்துவதில் அதற்குப் பங்கு உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் சுப்பா ராவ் கங்கி செட்டியின் குழு மெலனின் பொட்டலம் உருவாகும் வழியை ஆராய்கிறது. இவர்கள் பெயர் நம் பத்திரிகைகளில் வருவது அபூர்வம் என்பதில் எனக்கு வருத்தமுண்டு.

இனி அந்த இரண்டு ஊர்களுக்கு வருகிறேன். இந்த நோய் வர, அப்பாவிடமிருந்து ஒன்றும் அம்மாவிடமிருந்து ஒன்றுமாக ரேப்27ஏ மரபணுவின் இரண்டு கெட்ட பிரதிகள் வேண்டும். ஒன்று மட்டும் கெட்டிருந்தால் ஆளுக்கு ஒரு குறையும் இல்லை. முடி கருப்பு, உடம்பு திடம். அப்படிப்பட்ட இருவர் சேர்ந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு அபாயம். தனியாகப் பார்த்தால் இது மிக மிக அபூர்வமான திரிபு. அந்நியர் இருவரிடம் ஒரே மரபணு கெட்டிருக்க வாய்ப்பு கொஞ்சம்தான். மாமன் மகளும் அத்தை மகனும் கட்டிக்கொண்டால் கதை மாறுகிறது. அவர்கள் பிள்ளைக்கு எந்த ஒரு மரபணுவும் ஒரே மூதாதையிடமிருந்து இரட்டையாக வந்திருக்க 16இல் 1 வாய்ப்பு. தாய்மாமனே அக்கா மகளைக் கட்டினால் 8இல் 1. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி தமிழ்நாட்டில் 28 சதவீதம் திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை. நாடு முழுக்கப் பார்த்தால் 11. கேரளத்தில் பத்துக்கும் கீழே. கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுகாவிலும் சித்தி வாழும் மூணாறுப் பக்கத்து லயங்களிலும் நாங்கள் கேரளத்துக் கணக்கில் இருக்கிறோம், தமிழ்நாட்டு வழக்கத்தில் வாழ்கிறோம். மாநிலச் சராசரியைப் பார்த்துத் திட்டம் போடுகிறவர்கள் கண்ணில் இந்த ஓரத்துக் குடும்பங்கள் படுவதில்லை.

என் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள்தான். நானும் தம்பியும் நன்றாக இருக்கிறோம். எங்களைப் போலத்தான் பெரும்பாலான குடும்பங்கள் இருக்கின்றன. அதைச் சொல்லாமல் அபாயத்தை மட்டும் சொல்வது நியாயமில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ராவும் இன்பராஜும் 1970களில் வட ஆர்க்காட்டில் உறவுத் திருமணங்களை விரிவாக ஆராய்ந்தார்கள். பயமுறுத்தும் அளவுக்குப் பெரிய வேறுபாட்டை அவர்கள் காணவில்லை. சொந்தத்தில் கட்டாதவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஐதராபாத் சிசிஎம்பி ஆய்வு நிறுவனத்தின் குமாரசாமி தங்கராஜும் பிற நாட்டு ஆய்வாளர்களும் 2017இல் தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களை ஆராய்ந்து, அவற்றில் 81 குழுக்கள் ஃபின்லாந்துக்காரர்களையும் ஐரோப்பிய யூதர்களையும்விடக் குறுகிய மூதாதைக் கூட்டத்திலிருந்து பெருகியவை என்று காட்டினார்கள். சாதிக்குள் மட்டுமே பெண் எடுத்துப் பெண் கொடுப்பதும் பல தலைமுறைகளில் அதே வேலையைச் செய்கிறது. ஆகவே 'அத்தை மகனைக் கட்டினாயே, அதுதான் இப்படி' என்று பிள்ளைக்காகத் துடிக்கும் தாயின் முகத்துக்கு நேரே சொல்கிற மருத்துவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. அவளுக்கு அந்த நேரத்தில் வேண்டியது விடை.

விடை தேடும் இடத்தில்தான் என் குழாய்ப் புரதம் வருகிறது. குழந்தையின் மரபணுவைப் படித்தால் பெரும்பாலும் ஏதோ ஓர் எழுத்து மாற்றம் தென்படும். மாற்றம் என்றாலே நோய் என்று அர்த்தமில்லை. நம் எல்லாரிடமும் ஒன்றும் செய்யாத மாற்றங்கள் ஏராளம். அறிக்கையில் 'முக்கியத்துவம் உறுதியாகவில்லை' என்று அச்சடித்து வரும். அப்போது அதே மாற்றத்தோடு ரேப்27ஏயைப் பாக்டீரியாவில் செய்து, சரியான ரேப்27ஏயோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஜிடிபியைப் பிடிக்கிறதா? மெலனோஃபிலினைப் பிடிக்கிறதா? மன்13-4ஐப் பிடிக்கிறதா? 73ஆம் இடத்தில் டிரிப்டோஃபேன் போய்க் கிளைசின் வந்த குழந்தைகள் உண்டு. அந்த இடம் தோழர் புரதங்களைத் தொடும் இடம், அது போனால் பிடிமானமே போயிற்று. இன்னும் ஆச்சரியமானது 2015இல் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டியது. சில திரிபுகள் மன்13-4ஐப் பிடிப்பதை மட்டும் கெடுக்கின்றன, மெலனோஃபிலினை விட்டுவிடுகின்றன. அந்தக் குழந்தைகளுக்கு முடி கருப்பு. நோய் மட்டும் உள்ளே. முடியைப் பார்த்து முடிவு கட்டினால் தப்பிப்போகும். மேசைமேல் புரதத்தை வைத்துப் பார்த்தால் தப்பாது.

சித்தி ஒரு நாள் போனில் கேட்டாள்: "புரதந்தான் கெட்டுப்போச்சுன்னா, நீ செய்யற நல்லதையே ஊசியாப் போட்டா ஆகாதா?" ஆகாது. இன்சுலின் உயிரணுவுக்கு வெளியே நின்று கதவைத் தட்டும் புரதம். அதனால் ஊசி போதும். ரேப்27ஏ உயிரணுவுக்கு உள்ளே இருக்க வேண்டும், அதற்குள் தானாக நுழையாது. போதாததற்கு நம் உடம்பில் நொதிகள் அதன் வாலில் இரண்டு கொழுப்புச் சங்கிலிகளை ஒட்டும். அதை வைத்துத்தான் அது பொட்டலத்தின்மேல் உட்காரும். பாக்டீரியாவிடம் அந்தக் கொழுப்பை ஒட்டும் நொதி இல்லை. நான் செய்வது வாலில் கொழுப்பில்லாத ரேப்27ஏ. ஆய்வுக்கு மட்டும் என்று குழாயில் எழுதி, மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் வைப்பது அதனால்தான்.

சிகிச்சை இருக்கிறது: எலும்பு மஜ்ஜை மாற்று. வேலூரில் 1986 முதல் மஜ்ஜை மாற்று நடக்கிறது. கொலை வெள்ளணுக்கள் மஜ்ஜையில் பிறப்பவை என்பதால், நல்ல மஜ்ஜை வேரூன்றினால் காவல் திரும்பிவிடும். நிறம் செய்யும் உயிரணு மஜ்ஜையில் பிறப்பதில்லை, ஆகவே முடி வாழ்நாள் முழுக்க வெள்ளியாகவே இருக்கும். உறவுக்குள் கட்டிய குடும்பங்களில் பொருந்தும் கொடையாளி கூடப்பிறந்தவர்களைத் தாண்டி ஒன்றுவிட்ட உறவிலும் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஒரு கெட்ட பிரதி மட்டும் உள்ளவரும் கொடுக்கலாம். செலவு பெரிது. 2021இல் வந்த தேசிய அரிய நோய்க் கொள்கையின்கீழ் சிறப்பு மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு, ஒருமுறை சிகிச்சையில் குணமாகும் நோய்கள் அதன் முதல் பிரிவில் வருகின்றன. கேரளத்தில் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனை அத்தகைய மையம். எல்லையோரக் குடும்பங்கள் வழக்கப்படி கோவைக்கும் தேனிக்கும் மதுரைக்கும் ஓடுகின்றன. கேரள முகவரி இருக்கிறவர்கள் அந்த மையத்தையும் விசாரிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஓர் எளிய சோதனை இருக்கிறது. வெள்ளி முடியும் விடாத காய்ச்சலும் சேர்ந்து ஒரு குழந்தை வந்தால், நாலு முடியை நறுக்கி, கண்ணாடித் தகட்டில் வைத்து, சாதாரண மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் போதும். கிரிசெல்லி என்றால் முடித்தண்டின் நடுவே பெரிய, ஒழுங்கற்ற கருமைக் கட்டிகள் தெரியும். சளியில் டிபி பார்க்கும் அதே மைக்ராஸ்கோப் தேவிகுளத்திலும் சித்தூரிலும் அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. கட்டிகள் தெரிந்தால் மரபணுச் சோதனைக்கு எழுதலாம். ஒரு குழந்தையிடம் எந்த எழுத்து மாறியது என்று தெரிந்துவிட்டால், பிறகு உறவினர்களிடம் தேட வேண்டியது அந்த ஓர் எழுத்தை மட்டும்தான். முழுச் சோதனையின் செலவு அதற்கு ஆகாது. அந்தக் குழந்தையின் சித்தப்பா பிள்ளைகளும் மாமன் பிள்ளைகளும் கல்யாணப் பேச்சு எடுப்பதற்கு முன் அதைக் கேட்டு வாங்கிப் பார்த்துக்கொள்ளட்டும். இருவரில் ஒருவருக்கு அந்த மாற்றம் இல்லையென்றாலே பிள்ளைக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மிகமிகக் குறைவு.